அவங்க

எங்கள் ஆற்றுப்பக்கத்தில் கட்டின புருஷனைப் பெண்கள் 'அவங்க' என்றுதான் சொல்வார்கள். 'அவங்க வயலுக்குப் போயிருக்காங்க', 'அவங்களுக்குக் கத்திரிக்காய் ஆவாது.' மாமியாரும் அவங்கதான். பள்ளிக்கூடத்து டீச்சரும் அவங்கதான். பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்த, முகம் தெரியாத மனுஷரும் அவங்கதான். சொல்லுகிறவர் மரியாதையோடு நிறுத்திக்கொள்வார். ஆணா பெண்ணா என்று கேட்கிறவர்தான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மதலைமேரி பொருத்திக்கொண்டது தப்பாகப் போயிற்று. அவள் மகள் சுடர்விழி வருஷக்கணக்காக போனில் சொல்லிவந்த 'அவங்க' ஒரு பெண். கதை இவ்வளவுதான் கண்ணுகளா. இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்குத்தான் மனசு வரவில்லை.

பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, குடமுருட்டிக் கரையை ஒட்டி, மாதா கோயிலைச் சுற்றி இருக்கிற தெரு அவர்களுடையது. மதலைமேரியின் புருஷன் சந்தியாகு. அவருடைய தகப்பன் பண்ணையில் ஆள்வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் மூணு மா நிலம், ஒரு ஏக்கர் வரும், சொந்தமாக வாங்கிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த மூணு மாவில்தான் சுடர்விழி பி.ஏ. படித்தாள், சென்னைக்குப் போனாள், புத்தகம் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில் வேலையில் சேர்ந்தாள்.

சென்னை போன கொஞ்ச நாளிலேயே போனில் 'அவங்க' வர ஆரம்பித்துவிட்டார்கள். அவங்க சாம்பாருக்கு உப்பு கம்மியாத்தான் போடுவாங்க. எனக்குக் காய்ச்சல்னு அவங்க ஆபீசுக்கு லீவு போட்டுட்டாங்க. குடை எடுத்துட்டுப் போகலைன்னா அவங்க திட்டுவாங்கம்மா. மதலைமேரிக்கு இதைக் கேட்க ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் நிம்மதி. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"யாருடி அவங்க? நம்ம சனமா?"

"நம்ம மதம் இல்லம்மா. முஸ்லிம். எல்லாரையும் மாதிரி ஊரக் கூட்டிக் கல்யாணம்லாம் பண்ண முடியாது. ஆனா சேர்ந்துதான் இருக்கோம்."

"பேரு என்ன?"

"தஹ்மின்னு கூப்புடுவேன்."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கதிர் அறுக்கிற மிஷின் போனது. மதலைமேரி காதில் 'தமீம்' என்று விழுந்தது. தமீம் நல்ல பேர்தானே. பாபநாசத்தில் அவள் துணி எடுக்கிற கடைக்காரர் மகன் பேர்கூடத் தமீம்தான். அவள் ராத்திரியெல்லாம் அழுதாள், காலையில் முகம் கழுவிக்கொண்டு போன் போட்டாள். "நீ யாரோட இருந்தாலும் அம்மா இருக்கேன்டி," என்றாள். அந்தப் பக்கம் சுடர்விழி அழுதாள் போலிருக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தே ஏற்றுக்கொண்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதில் யார் பொய் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை.

சந்தியாகுதான் முரண்டு பிடித்தார். "துலுக்கவூட்டுப் பையனுக்கா பெத்து வளத்தோம்," என்று மகளிடம் பேச்சை நிறுத்தினார். மதலைமேரி அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பதை நிறுத்தினாள். "மகளோட பேசறவருக்குத்தான் காபி. பேசாதவங்க டீக்கடைக்குப் போங்க." அவரும் வீம்பாகப் போனார். டீக்கடைக்காரன் சதீஷ், "என்ன மாமா, இன்னும் வூட்டுல அடுப்பு பத்தலியா?" என்று தினம் கேட்டுக் கேட்டே அவரைத் தோற்கடித்தான். "சரி, வந்துட்டுப் போவட்டும்," என்றார் கடைசியில்.

சுடர்விழியும் தஹ்மீனாவும் சென்னையில் வேலை போக இன்னொன்றும் செய்தார்கள். பெண்ணை விரும்புகிற பெண்கள், ஆணை விரும்புகிற ஆண்கள், திருநங்கைப் பிள்ளைகள் என்று வீட்டில் ஒண்ட முடியாமல் வெளியே வந்தவர்களிடம் பாட்டும் கதையும் கேட்டு வாங்கினார்கள். தஹ்மீனா அதையெல்லாம் நீளத் துணியில் படமாக எழுதுவாள். துணியை விரித்துக் கட்டி, படம் படமாகக் காட்டிக்கொண்டே பாடுவார்கள். அதைக் கோயில் மண்டபத்திலும் தேவாலயத்துக் கூடத்திலும் தர்கா முற்றத்திலும்தான் காட்ட வேண்டும் என்பது சுடர்விழியின் பிடிவாதம். "நம்ம சனம் மனசு விட்டு அழுவுற எடம் அதுதான். அங்க சொல்லாம வேற எங்க சொல்றது?" என்பாள். பத்து இடத்தில் கேட்டால் ஒரு இடத்தில் கதவு திறக்கும். அந்தப் படத்துணிக்கு 'வாசல்' என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வந்தது மதலைமேரியின் பாட்டிலிருந்து.

மதலைமேரி எங்கள் கோயிலில் பேர்போன குரல். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்கள் உட்கார்ந்து மாதாவின் புலம்பலைப் பாடுவார்கள். அவள் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். போன வருஷம் மகள் கேட்டாள்: "யாரையோ விரும்பிட்டாங்கன்னு வீட்டை விட்டுத் துரத்துன புள்ளைங்களுக்கு ஒரு அம்மா பாடற மாதிரி நாலு வரி பாடி அனுப்பும்மா." மதலைமேரி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு புலம்பல் மெட்டிலேயே சொந்தமாகக் கட்டிப் பாடினாள்.

ஆத்து மணலோரம் ஆடிவந்த எம்மகளே
யார நெனச்சியின்னு அம்மா நான் கேட்டேனா
சாதிசனம் கேட்டேனா சம்மதமும் கேட்டேனா
வாசல் தெறந்திருக்கு வந்துடடி எங்கண்ணே.

அந்தக் குரலைத்தான் அவர்கள் ஊர் ஊராகப் போட்டார்கள்.

இந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்தாற்போல வந்தன. 'வாசல்' துணியை நம்ம கோயிலிலும் காட்டலாமா என்று சுடர்விழி கேட்டதும், மதலைமேரி தானே போய் உபதேசியார் ஞானாதிக்கத்தைப் பார்த்தாள். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

"காதல் கல்யாணம் பண்ணி ஒதுக்கி வச்ச புள்ளைங்க விஷயம்தானே?" என்றார் உபதேசியார்.

"ஆமாங்க."

"தவக்காலத்துக்குப் பொருத்தந்தான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிஞ்சு வச்சுக்குங்க. சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவளும் நிஜம் என்று நம்பித்தான் ஆமாம் என்றாள்.

அந்த வாரம் உளுந்து பறிப்பு. சம்பா அறுத்த தாளுக்கு நடுவே முளைத்த உளுந்து காய்ந்து கறுத்து நின்றது. கூடமாட வந்த பக்கத்துத் தெரு பிரகதீஸ்வரி குனிந்தவாக்கில் வம்புக்கு இழுத்தாள்.

"என்ன மதலையக்கா, நாளைக்கு மாப்புள்ள விருந்தாமே. கோழியா ஆடா?"

"தவக்காலத்துல என்னடி கோழி? அவங்களும் நோன்பு. சாயங்காலம் கஞ்சிதான்."

"பட்டினி கெடக்குற மாமியா, பட்டினி கெடக்குற மாப்புள்ள. செலவே இல்லாத சம்பந்தம் போ."

"தாலி கட்டாத மாப்புள்ள," என்றார் சந்தியாகு, வரப்பிலிருந்து.

"நீங்க கட்டி மட்டும் என்னத்தக் கண்டேன்?" என்றாள் மதலைமேரி. பிரகதீஸ்வரி சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்தது.

நோன்புக் கஞ்சி எப்படி வைப்பது என்று ஜவுளிக்கடை கமருன்னிஸாவிடம் கேட்டுவந்தாள். "கறி போடாம வைக்கலாங்களா?" "தாராளமா வைங்க, பசிக்குத்தானே கஞ்சி." நொய்யும் பாசிப்பருப்பும், வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால், புதினா. பேரீச்சம்பழத்தை மட்டும் ருசி பார்க்காமல் வாங்கிவிட்டோமே என்று கவலைப்பட்டாள்.

வியாழக்கிழமை வெயில் தாழ்ந்து ஆட்டோ வந்து நின்றது. சுடர்விழி இறங்கினாள். பின்னாலேயே முக்காடு போட்ட ஒரு பெண், தோளில் நீளமாகச் சுருட்டிய துணியோடு இறங்கினாள். மதலைமேரி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவரைத் தவிர யாரும் இல்லை.

"அம்மா, இவங்கதாம்மா," என்றாள் சுடர்விழி. முகமெல்லாம் பூரிப்பு.

மதலைமேரிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் முதலில் பெண்ணை அனுப்பி வீடு வாசல் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார்!

"வாங்கம்மா, வாங்க. பாத்து, படி ஒசரம். சுடரு, அந்த நல்ல நாற்காலிய எடுத்துப் போடுடி. வூட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "இருக்காங்கம்மா."

சுடர்விழி கொல்லையில் இருந்த அப்பாவைப் பார்க்க ஓடினாள். மதலைமேரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணன் வரலீங்களா?"

"எனக்கு அண்ணன் இல்லம்மா. நாங்க மூணும் பொண்ணுங்க."

அப்படியானால் ஒன்றுவிட்ட முறை போலிருக்கிறது என்று மதலைமேரி சமாதானம் செய்துகொண்டாள். எந்த முறையானால் என்ன, சம்பந்தி வீட்டு மனுஷி. மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். "தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களே," என்று நாலு தடவை வருத்தப்பட்டாள். அந்தப் பெண், "அம்மா, நீங்க உக்காருங்க," என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தக் கை மதலைமேரிக்குப் பிடித்திருந்தது. அதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

பொழுது இறங்கியது. கஞ்சிச் சட்டி கூடத்துக்கு வந்தது. அறுத்த வயல்களைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாங்கு கேட்டது. காற்று வாக்காக அடித்தால்தான் எங்கள் தெருவுக்கு அது கேட்கும். அந்தப் பெண் பேரீச்சம்பழத்தை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

"சாப்புடுங்கம்மா. பாங்கு சொல்லிட்டாங்கல்ல."

"எங்க பள்ளிவாசல்மா அது. பாங்கு சொல்ற மோதினார் குரல் தெரியுது. சளி புடிச்சிருக்கு அவருக்கு."

"அட, ஆத்தங்கர ஊரா நீங்க! பாலத்தத் தாண்டுனா வந்துடுமே. நாளைக்கு அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

"முடியாதும்மா. விழியோட இருக்கேன்னு தெரிஞ்சதுலேருந்து எங்கம்மா எங்கிட்ட பேசறதில்ல."

"நீங்க ஏன் எம்மவளோட..." மதலைமேரிக்கு வார்த்தை தடுக்கியது. "அவ தமீம் தம்பிகூடதானே இருக்கா?"

சுடர்விழி தட்டு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தமீம் யாரும்மா?"

"யாரா? நீதானேடி சொன்னே, தமீம்னு."

"தஹ்மிம்மா. தஹ்மீனா." அவள் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். திரும்ப அம்மாவைப் பார்த்தாள். பூரிப்பு முகத்தை விட்டு எப்படி இறங்கியது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அம்மா... உனக்குத் தெரியாதா?"

மதலைமேரி கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள், திரும்ப எடுத்தாள். தஹ்மீனாவின் கையில் பழம் இன்னும் அப்படியே இருந்தது.

"மொதல்ல நோன்பத் தொறங்க," என்றாள். "பசிச்ச வயித்த வச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் பேச வேணாம்."

நிறைய ஊற்றினாள். துவையல் வைத்தாள். தஹ்மீனா போதும் என்று சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் கடைசி வாய் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். சுடர்விழி பின்னாலேயே போனாள்.

"தெரியும்னு நெனச்சேம்மா. சத்தியமா. அவருன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லலடி. நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் அவங்களுக்கு மீச வச்சுப் பாத்துக்கிட்டேன்."

"நீ பாடுனியேம்மா. யார நெனச்சியின்னு கேட்டேனான்னு."

"சாதிக்குப் பாடுனேன். மதத்துக்குப் பாடுனேன். உங்கப்பாவோட சண்ட போட்டதும் அதுக்குத்தான். ஒரு முஸ்லிம் பையனுக்கு எடம் பண்ணத்தான் இவ்வளவு மல்லு கட்டி மனசத் தெறந்து வச்சேன். தெறந்த கதவுல வேற யாரோ வந்து நிக்கிறாங்க சுடரு. மறுபடியும் மல்லு கட்ட எனக்குத் தெம்பு இல்ல."

மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த சந்தியாகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் கத்தப் போகிறார் என்று சுடர்விழி சுவரோடு ஒண்டினாள். அவரோ வைக்கோலை உதறிவிட்டுச் சிரித்தார்.

"அப்ப பையனே இல்லியா? இந்தப் பொண்ணா? அட இதுக்கா ஏ புள்ள, எனக்குக் காபி போடாம கொன்னே? கூட்டாளிப் பொண்ணு, ஒண்ணா ரூம் எடுத்துத் தங்கியிருக்குதுங்க. தங்கட்டுமே!"

"அப்பா, கூட்டாளி இல்லப்பா."

"சரிம்மா, சரிம்மா." மகள் தலையைத் தடவினார். அந்தக் கை அவள் தலைமேல் பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. உள்ளே போய் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். "நல்லாருக்கே இது! தங்கச்சி, கூச்சப்படாம இரும்மா. நம்ம வூடு மாதிரி நெனச்சுக்க," என்று தஹ்மீனாவிடம் சொன்னார்.

மகள் சொன்னதை நம்பாத மனுஷருக்கு வீட்டில் இடம் கொடுக்க ஒரு கஷ்டமும் இல்லை, பார்த்தீர்களா. நம்பியவள்தான் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

படுக்கப் போகும்போது மதலைமேரி புருஷனிடம் சொன்னாள்: "அத சிநேகிதம்னு சொல்லாதீங்க."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"தெரியல. ஆனா அது இல்ல. நான் ஒங்களப் பத்தி எங்கம்மாகிட்ட பேசுனது மாதிரிதான் அவ எங்கிட்ட பேசியிருக்கா. உப்பு, காய்ச்சல், குடை. அது என்னன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் குறட்டை விட்டார்.

விடியுமுன் எழுந்து தஹ்மீனாவுக்குச் சோறு வடித்து எழுப்பியதும் மதலைமேரிதான். பிறகு நாலு பேரும் வயலுக்குப் போனார்கள். பனி ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்து உளுந்து மண்ணில் போய்விடும். தஹ்மீனா வேகமாக இழுத்து நெற்றை உதிர்த்தாள்.

"தாள சேத்துப் புடிக்காதம்மா. வேர்கிட்ட புடி. இப்புடி." மதலைமேரி அவள் விரலைப் பிடித்துக் காட்டினாள். அவளுக்குத் தெரியாமலே 'ங்க' போய்விட்டிருந்தது.

களத்தில் செடியைப் பரப்பியதும் சந்தியாகு டீக்கடைப் பக்கம் போனார். மதலைமேரி, "அந்தத் துணியக் காட்டுங்க, பாப்போம்," என்றாள்.

தார்ப்பாய்மேல் துணியை விரித்தார்கள். கிணற்றடி, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பையன், பூட்டின கதவுகள். கடைசிப் படத்தில் ஒரு அடுக்களை. அடுப்புக்கு முன்னால் ஒரு அம்மா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். திறந்த வாசலில் இரண்டு பெண்கள் கைகோத்து நின்றார்கள்.

"இது நம்ம அடுப்படியில்ல?"

"விழி சொல்லச் சொல்ல வரஞ்சேன்மா," என்றாள் தஹ்மீனா. "சன்னல்ல மாதா படம், உறி, எல்லாம். சரியா வந்திருக்கா?"

"உறி இன்னும் கொஞ்சம் கீழ." மதலைமேரி துணியின் ஓரத்தை நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். "இந்தப் புள்ளைக்கு மட்டும் ஒரு மீச வரஞ்சுடுங்களேன்."

தஹ்மீனா சுடர்விழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கி ஒரு நாளைக்குத்தான். பாட்டு அப்படியே இருக்கட்டும். படமும் இருக்கட்டும். ஒரு கோடு. சனம் பாத்துட்டு அழுவும், ஒங்கள கையெடுத்துக் கும்புடும். நான்தான் போய் உபதேசியாருகிட்ட கேட்டு வாங்குனேன். நான் நாளைக்கும் அந்தக் கோயில்ல உக்காந்து பாடணும்."

"அம்மா, நாங்க இதச் சொல்லத்தான் ஊர் ஊராப் போறோம். மீச வச்சா சொல்ல என்னம்மா மிச்சம்?"

தஹ்மீனா பையிலிருந்து பிரஷை எடுத்துவிட்டாள். "ஒரு கோடுதானே விழி. போட்டுடறேன். அப்புறம் துணி மாத்திக்கலாம்."

"நீயா இதச் சொல்ற?"

"எனக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா போச்சு. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது அம்மா மிஞ்சட்டும்."

சுடர்விழி அவள் கையைப் பிடித்து பிரஷை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். மதலைமேரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டதோ என்னவோ, உளுந்துச் செடியைத் திருப்பிப் போடத் திரும்பினாள்.

"அப்ப ஒண்ணு செய்யி," என்றாள், முதுகைக் காட்டியபடியே. "எங்குரல எடுத்துடு."

"என்னது?"

"அந்தப் பாட்டுலேருந்து. இனிமே எங்கயும் போடாத."

"அம்மா, திருச்சில ஒரு பொண்ணு அதக் கேட்டுட்டு எனக்கு போன் பண்ணுச்சும்மா. வீட்டுல அடிச்சுத் தொரத்திட்டாங்களாம். 'அந்தம்மாகிட்ட ஒரே ஒரு தடவ பேசணும்க்கா'ன்னு அழுவுது. முருகன் கோயில்ல கிருத்திகைக்குப் பாட்டு பாடற ஒரு பையன் உன் குரலத்தான் தெனம் கேட்டுட்டுத் தூங்கறான். அவங்களுக்கெல்லாம் நான் என்ன சொல்லட்டும்?"

"அதுங்களுக்கு நான் பாட்டு பாடற யாரோ ஒரு அம்மா. பாடிட்டுப் போயிடலாம். உனக்கு நான் பாட்டு இல்லடி. வாசல் தெறந்திருக்குன்னு பாடிட்டு நீ வந்து நிக்கிறப்ப என்னால நகர முடியல. அது பொய்க் குரல். பொய்க் குரலப் போட்டு யாரையும் அழ வைக்காத."

சுடர்விழி துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். "சரிம்மா," என்றாள்.

மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். சந்தியாகுதான் ஒன்றும் புரியாமல் பழைய உளுந்தில் ஒரு பை கட்டிக்கொண்டு வந்து தஹ்மீனா கையில் கொடுத்தார். "இட்லிக்குப் போடுங்க, பந்து மாதிரி வரும். அடுத்த தடவையும் வாம்மா." தஹ்மீனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மதலைமேரி பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். நோன்பு பிடித்த பிள்ளைக்கு வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுக்கவும் வழியில்லை. மகள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். தஹ்மீனாவும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மதலைமேரியின் கை பாதிவரை போனது. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சேருமுன் போனில் மகளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தது. 'எடுத்துட்டேம்மா.'

பொழுது சாய்கிற நேரம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பறித்த உளுந்தில் மழை விழுந்தால் நெற்றுக்குள்ளேயே முளை விட்டுவிடும். புருஷனும் பெண்டாட்டியும் களத்தில் செடியை வாரிக் குவித்துக்கொண்டிருந்தபோது உபதேசியார் வண்டியில் வந்து இறங்கினார்.

"என்ன மதலையம்மா, புள்ளைங்க பஸ் ஏறிடுச்சாமே? தெர கட்ட ஆள் சொல்லிட்டேனே."

"ஆபீசுல அவசரமாம்," என்றார் சந்தியாகு.

"போவட்டும், இன்னொரு நாள் வச்சுக்கலாம். நான் வந்தது வேற சேதி. காலைல டீக்கடையில இவரு சொன்னாரு, அந்த முஸ்லிம் பையன் சமாச்சாரம் ஒண்ணும் கெடையாதுன்னு. எனக்கு மனசு குளுந்து போச்சு. பூதலூர்ல ஒரு எடம் இருக்கு. நம்ம சனம். பையன் கரண்டு ஆபீசுல வேல, பீடி சிகரெட் கெடையாது. பொண்ணுக்கு முப்பது தாண்டிட்டா என்ன, பாத்துக்கலாம்னு சொல்றாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல ஓலை வாசிச்சுடலாம்."

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் பேரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பதைத்தான் எங்கள் பக்கத்தில் ஓலை என்போம்.

"வாசிச்சுடுங்க, வாசிச்சுடுங்க," என்றார் சந்தியாகு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மதலைமேரி கையிலிருந்த செடியைக் குவியல்மேல் வைத்தாள். தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துக் கல்லைத் தூக்கி வைத்தாள்.

"வாசிக்க முடியாதுங்க," என்றாள்.

"ஏம்மா?"

"தடை இருக்கு."

உபதேசியார் சிரித்தார். "என்னம்மா தடை, நம்ம சுடருக்கு?"

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"யாரோட?"

"தஹ்மீனா. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு."

உபதேசியாரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. அவர் சந்தியாகுவைப் பார்த்தார். முதல் தூறல் தார்ப்பாயில் பட்பட்டென்று விழுந்தது.

"ஏ புள்ள," என்றார் சந்தியாகு, பதறிப்போய். "என்ன ஒளர்ற? நேத்து சாயங்காலந்தானே எவனும் இல்ல, எதுவும் இல்லன்னு தெரிஞ்சுது. இதுல எப்ப ஆச்சு கல்யாணம்?"

"எப்பவோ ஆயிடுச்சுங்க," என்றாள் மதலைமேரி. "நாமதான் போவல."